ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லட்டும்



நான் ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்து பலர் போன் செய்தீர்கள். நலமாக இருக்கிறேன். நடந்ததையும், மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

பரணிலிருந்து பழைய புத்தகப் பெட்டிகளை இறக்கிய மூன்றாம் நாள் காலை, இடது நெஞ்சில் சுருக்கென்று வலி. மூச்சை இழுத்தால் கூடியது. திரும்பிப் படுத்தாலும் கூடியது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "வாயுதான், பெருங்காய மோர் குடிங்க" என்றாள் மனைவி. "ஒரு சோடா குடிச்சா சரியாயிடும் மாமா" என்றார் மருமகன்.

சோடா என்றதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். எங்கள் பெரியண்ணன் கடைசியாகக் குடித்தது அதுதான். இரவு "வாயு" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், விடியும்போது இல்லை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ட்ரோபோனின் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. பிறகு டாக்டர், விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினார். "ஐயோ" என்றேன். "அதே வலிதானே ஐயா?" அதேதான். அங்குள்ள குருத்தெலும்பில் அழற்சியாம். பெயர் காஸ்டோகாண்ட்ரைடிஸ்.

விலா எலும்புகள் 12 ஜோடி, மேலே உள்ள 7 ஜோடி குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்போடு சேர்கின்றன என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! அந்தக் குருத்தெலும்புக்கும் வலிக்கும் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. பாரம் தூக்கினாலும், விடாமல் இருமினாலும் வரலாம். பலருக்குக் காரணமே தெரியாமலும் வரும். ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

திரும்பி வந்ததும் உறவினர் ஒருவர், "இதுக்குப் போயா இவ்வளவு செலவு?" என்று சிரித்தார். எனக்கு வருத்தம் அந்தச் சிரிப்பில்தான். நாளைக்கு நெஞ்சு வலிக்கும் இன்னொருவரை அதுதான் வீட்டிலேயே உட்கார வைக்கும். "ஒன்றுமில்லை என்றால் கேலி செய்வார்களே" என்ற கூச்சம் உயிரையே வாங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் நெஞ்சை அழுத்திப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். அழுத்தினால் வலிக்கிறது என்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலி வராமலே போகலாம். வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ கையிலோ வலி, இனம் தெரியாத அசதி என்றால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.

பெட்டிகள் இன்னும் கூடத்திலேயே கிடக்கின்றன. ஊருக்கு வரும் மாணவர்கள் ஏற்றி வைத்துவிட்டு, காபி சாப்பிட்டுப் போகவும்.

உங்கள் அறிவியல் வாத்தியார்