ஜெட்டை மாத்தச் சொல்லுங்க, வண்டியை மாத்தச் சொல்லாதீங்க

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

இங்கே டென்வர்ல எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சாம்பார் வர்றதுக்குள்ள இந்தப் பேச்சு வந்துடுது. "ஊர்ல பெட்ரோல்ல எத்தனாலைக் கலந்துட்டாங்களாம், வண்டியெல்லாம் நாசமாம்" என்பார் ஒருத்தர். "நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன், அந்த ஓட்டை வண்டியைத் தள்ளிவிட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க, பணம் அனுப்பறேன்னு" என்பார் இன்னொருத்தர். முதல் ஆள் பாதி உண்மையை வச்சுப் பயமுறுத்தறார். இரண்டாமவர் பத்து நிமிஷ வேலைக்கு ஒரு லட்சம் ரூபாய் தீர்வு சொல்றார்.

எங்க ஊர் பெங்களூர் மர்பி டவுன். அல்சூர் பக்கம். நாக்ஸ்பேட்டைன்னு இருந்ததுக்கு ஒரு இன்ஜினியர் பேரையே வச்ச இடம். உழைக்கிற சனங்களுக்காகக் கட்டின பேட்டை, தமிழ் பேசற குடும்பங்கள் நிறைய. அங்கே பைக்குங்கறது பிழைப்பு. காலையில பால், மத்தியானம் கூரியர், சாயங்காலம் டியூஷன் முடிஞ்ச பொண்ணைக் கூட்டிட்டு வர, எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டி.

அந்த வண்டிகள்ல பெரும்பாலானது கார்பரேட்டர் வண்டி. யமஹா ஆர்.எக்ஸ்.100 காலத்து ஆளுங்களை மட்டும் சொல்லலை. 2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 வந்த பிறகுதான் பெரும்பாலான கம்பெனிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. 2019-ல கடன்ல வாங்கின பைக்கும் கார்பரேட்டர்தான். அதுவா ஓட்டை வண்டி?

சரி, விஷயத்துக்கு வருவோம். இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வச்சதே எங்க பெங்களூர்லதான், 2023 பிப்ரவரி 6-ந் தேதி. முதல்ல 2030-ன்னு வச்சிருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லயே நாடு முழுக்க இருபதைத் தொட்டாச்சு. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கணும்னு கேட்ட வழக்கை 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சிடுச்சு. ஆக, மர்பி டவுன்காரருக்கு பங்க்ல தேர்ந்தெடுக்க ஒண்ணும் இல்லை.

எத்தனால் எனக்கு விரோதி இல்லை. எண்ணெய் இறக்குமதி குறையட்டும், கரும்பு விவசாயிக்குக் காசு போகட்டும். என் கேள்வி ஒண்ணுதான்: எரிபொருளை மாத்தினவங்க ஜெட்டைப் பத்தி ஏன் வாயைத் திறக்கலை?

கணக்கு கஷ்டமில்லை. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏன்னா ஆக்ஸிஜன் அதுக்குள்ளயே இருக்கு. இ20-க்குக் கணக்குப் போட்டா சுமார் 13.5 வரும். இன்ஜெக்‌ஷன் வண்டியில ஆக்ஸிஜன் சென்சார் இருந்தா கம்ப்யூட்டரே கூடுதலாப் பெட்ரோல் விட்டுக்கும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு பித்தளைத் துண்டுல இருக்கற ஓட்டை மட்டும். ஓட்டை அதே அளவு இருந்தா கலவை எட்டு சதவீதம் லீன் ஆகும். பத்து சதவீத எத்தனாலுக்கு ட்யூன் ஆன வண்டின்னா நாலு சதவீதம் போல.

பெங்களூர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்துல இருக்கறதால காற்று மெலிசு, கலவை இயல்பாவே கொஞ்சம் ரிச். அதனால அங்கே தப்பிச்ச வண்டி, கடல் மட்டத்துல இருக்கற சென்னையில தப்பிக்காமப் போகலாம். எல்லாத்தையும் விட மோசம், மைலேஜுக்காக ஏற்கெனவே சின்ன ஜெட் போட்டு ஓட்டற ஏழையோட வண்டி. லீன் மேல லீன். பிளக் வெள்ளையா வெளுக்கும், இன்ஜின் கொதிக்கும், டூ ஸ்ட்ரோக்கா இருந்தா பிஸ்டனே ஜாம் ஆகும்.

இதுக்கு மருந்து? மெயின் ஜெட்டை ஒண்ணு ரெண்டு சைஸ் பெருசா போடறது. ஓட்டையோட விட்டத்தைக் குறிக்கற கெய்ஹின் நம்பர்ல 100 இருந்தா 102 அல்லது 105. (மிக்குனி நம்பர் வேற கணக்கு, ரெண்டையும் குழப்பக் கூடாது.) பெட்ரோலை மூடி, கிளாம்ப்பை இளக்கி, கார்பரேட்டரைத் திருப்பி, அடிக்கிண்ணத்தைக் கழட்டினா ஜெட் கைக்கு வந்துடும். பத்து நிமிஷம். ஏர் ஸ்குரூவைத் திருகி விடறது ஐட்லிங்குக்குத்தான் உதவும். பழைய ஜெட்டுக்குள்ள கம்பி விட்டுக் குடையறது அதைவிடப் பாவம், அளவே போயிடும். எத்தனாலுக்கு ஊறிப் போற பழைய ரப்பர் குழாய், வாஷர்களையும் கையோட மாத்திடணும். அவ்வளவுதான்.

இங்கே அமெரிக்காவுல பாருங்க. மணல்மேட்டுல துள்ளற ஸ்போர்ட் குவாட், 2004-ல வந்த யமஹா ஒய்.எஃப்.இசட்.450. அதோட கெய்ஹின் கார்பரேட்டருக்கு அடியில ஒரு நட்டு. அதைத் திறந்தா மெயின் ஜெட். கார்பரேட்டரையே கழட்ட வேணாம். மலையேறினா ஒரு ஜெட், கீழே இறங்கினா ஒரு ஜெட். ஹோண்டா ஜெனரேட்டர் வாங்கினா கூட, 300 மீட்டர் ஏறினா சக்தி 3.5 சதவீதம் குறையும், உயரமான ஊர்னா கார்பரேட்டரை மாத்தி அமைன்னு கையேட்டுலயே அச்சடிச்சுத் தர்றாங்க. இ15 பம்ப்ல, மோட்டார் சைக்கிள்லயும் குவாட்லயும் ஊத்தாதேன்னு ஸ்டிக்கர் ஒட்டணும்னு சட்டம். விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு மரியாதை. பிழைப்பு வண்டிக்கு?

அரசுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். 2021-ல வந்த நிதி ஆயோக் அறிக்கையே, பழைய டூவீலருக்கு இ20 போட்டா மைலேஜ் 3-4 சதவீதம் குறையும், இன்ஜின்லயும் ட்யூனிங்லயும் மாத்தம் செஞ்சா அந்த இழப்பைக் குறைக்கலாம்னு சொல்லுச்சு. ட்யூனிங்னா என்ன சார், ஜெட்டுதானே! 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளுக்கு ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மின்னு சொன்னாங்க. எந்தப் பாகம், என்ன நம்பர்னு மர்பி டவுன் மெக்கானிக் யார்கிட்ட போய்க் கேப்பார்?

பிரேசில்ல 27 சதவீதம் கலந்தாங்களே, 2025-ல 30 ஆக்கினாங்களேன்னு கேப்பீங்க. வாஸ்தவம். அவங்க பல வருஷமா வண்டியையும் கூடவே மாத்திக்கிட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல பங்க் முன்னாடி ஓடிடுச்சு, வண்டி பின்னாடி நிக்குது.

நான் கேக்கறது ரொம்பச் சின்னது. கார்பரேட்டர் வண்டி வித்த ஒவ்வொரு கம்பெனியும் ஒரே ஒரு பக்கம் போடட்டும்: இந்த மாடல், இந்த வருஷம், இ20-க்கு இந்த நம்பர் ஜெட், இந்த ரப்பர் செட், இந்த விலை. கன்னடத்துல, தமிழ்ல, இந்தியில. அதை ஒவ்வொரு பங்க்லயும் ஒட்டட்டும். அரசு கட்டாயப்படுத்தினா ஒரு மாசத்து வேலை.

நம்ம பங்குக்கு: இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்றப்ப, அப்பாகிட்ட பிளக் என்ன கலர்ல இருக்குன்னு கேளுங்க. பிஸ்கட் கலர்னா நிம்மதியாத் தூங்குங்க. வெள்ளைன்னா தெருமுனை மெக்கானிக்கை லைன்ல கூப்பிட்டு, "அண்ணே, ஜெட் ஒரு சைஸ் ஏத்திப் பாருங்க"ன்னு சொல்லுங்க. அவருக்கு உண்டான கூலியைப் பேரம் பேசாமக் குடுக்கச் சொல்லுங்க. புது வண்டிக்கு எடுத்து வச்ச பணத்துல பாக்கி இருக்கறதை அம்மாவோட மருந்துக்கு அனுப்புங்க.