தீவில் ஐந்து பேர்

சென்ற டிசம்பர் கடைசியில் நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் அந்தமான் போனோம். என் செலவு வங்கியின் எல்.எஃப்.சி.யில் கழிந்தது. திரும்பி வந்த மூன்றாம் மாதம் எங்களில் ஒருவரான கவிஞ நண்பரின் ஏழு தீவுக் கவிதைகள் ஒரு பத்திரிகையில் வெளியாயின. ஏழிலும் ஒரே ஒரு மனிதன்தான். அவன் தனியே நடக்கிறான், தனியே கடலைப் பார்க்கிறான், கடைசியில் தானே ஒரு தீவு என்று கண்டுகொள்கிறான். மற்ற நாலு பேரும் ஜீப் டிரைவரும் படகுச் சீட்டுக்கு எங்களோடு வரிசையில் நின்ற குடும்பங்களும் எங்கே போனார்கள்?

கேட்டால் ‘கவிதை ரிப்போர்ட் அல்ல’ என்பார். நம் வட்டத்தில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வரும் வாக்கியம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அனுபவத்துக்கு விசுவாசம் வேண்டும் என்று ஓயாமல் சொன்னதும் இதே வட்டம்தான்.

முதலில் சின்ன விஷயம். ராதாநகர்க் கடற்கரையில் இவருடைய சூரியன் மாலை ஏழு மணிக்கு இறங்குகிறது. டிசம்பரில் அங்கே ஐந்து மணி சுமாருக்கே அஸ்தமனம். தேசத்துக்கெல்லாம் ஒரே கடிகாரம், தீவுகளோ வெகு கிழக்கே. ஐந்தரை மணிக்குச் செல்போன் வெளிச்சத்தில் செருப்புத் தேடியவர் சாட்சாத் இவரேதான். ‘குளிர்காலத் தனிமை’ என்று ஒரு தலைப்பு வேறு. இரவெல்லாம் மின்விசிறி ஓடிற்று. இந்தக் குளிர்காலம் அவரும் நானும் பி.ஏ. ஆங்கிலத்தில் பாடமாகப் படித்தது.

சின்ன விஷயங்கள் போகட்டும். தனிமையைப் படிமமாக்க இவர் தேர்ந்தெடுத்த இடம் எது? 1857 கலகத்தில் பிடிபட்டவர்களுக்காக மறு வருஷமே வெள்ளைக்காரன் குற்றக் குடியிருப்பு அமைத்த இடம். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் ஆளுக்கு ஒன்றாக 693 கொட்டடிகள்; ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாதபடி கட்டியது. தனிமை அங்கே செங்கல்லில் எழுப்பிய தண்டனை. அதன் வாசலில் நின்றுகொண்டு ஒருவர் தனிமைக்கு ஏங்குகிறார்!

ஆளில்லாத தீவு என்பது வரைபடக்காரனின் கற்பனை. ஹாவ்லக்கின் கிராமங்கள் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுடையவை. காடு வெட்ட ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடிகள் வந்தார்கள். 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சில, நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் வெட்டப் போயின.

போர்ட் பிளேரில் (2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள்) நாங்கள் சாப்பிட்ட மெஸ் அப்படி வந்த ஓர் அம்மாளுடையது. டிசம்பர் 26 காலையில் மூடியிருந்தது. மத்தியானம் திறந்ததும் ஏனென்று கேட்டோம். 2004-ல் இதே தேதியில் கச்சாலில் வீடும் தம்பியும் போனதைச் சொன்னார். பிறகு, “ஊர்ல மழை விட்டிருச்சா தம்பி?” என்றார். எந்த ஊரைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. “புதுக்கோட்டைப் பக்கம்னு அப்பா சொல்லுவாரு. நான் பாத்ததில்ல” என்றார். நண்பர் அப்போது கடலைப் படம் எடுக்க வெளியே போயிருந்தார். ஐந்தாவது கவிதையில் இந்த அம்மாள் வருகிறார், ஆதித்தாயாக, காலாதீத மௌனத்தில் உறைந்து. நாங்கள் இருந்த முக்கால் மணி நேரமும் வாய் ஓயாமல் பேசியவர் அவர்.

இனி நான் தட்டிக்கழிக்க முடியாத விஷயம். பாராட்டாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவாக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் இன்றும் வரிசை கட்டிப் போகின்றன. நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. எங்களில் யாரும் சுண்ணாம்புக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஒரு திருப்பத்தில் இரண்டு குழந்தைகள் நின்றிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாயிருக்கும். மூடவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்து, வண்டி கடந்த பிறகும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நண்பர்தான் முதலில் கை நீட்டிக் காட்டினார்.

அவருடைய ஆறாவது கவிதை அந்தக் காட்டைப் பற்றியது. மனித வாடையே படாத பச்சை என்கிறார் அதை. குழந்தைகள் இல்லை, ஜன்னல் இல்லை, நீட்டிய கையும் இல்லை. ஏழு கவிதைகளில் எழுத அவருக்கு உண்மையாகவே ஏதாவது இருந்ததென்றால் அந்தக் கைதான். அதை வெட்டிவிட்டுத்தான் ‘நான் ஒரு தீவு’ என்ற தரிசனத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

போனில் கேட்டேன். “அதெல்லாம் கவிதைக்குள் வராது” என்றார். ஏன் வராது என்று அவர் எழுதட்டும். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.