சுவரில இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி



போன கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க ஒரு தோழர் பகிடியாச் சொன்னார்: "எங்கட ஒபிஸில நடக்கிற ஒரே வர்க்கப் போராட்டம் ஏசிக்குத்தான். ஒருத்தர் 19 வைப்பார், இன்னொருத்தர் வந்து 24 ஆக்குவார்." எல்லாரும் சிரிச்சம், நானும் சிரிச்சனான். ட்ரெயினில வரேக்கதான் உறைச்சது. அது வர்க்கப் போராட்டமே இல்லை. 19 எண்டும் 24 எண்டும் அடிபடுற ரெண்டு பேருக்கும் அந்தப் பெட்டியைத் தொட உரிமை இருக்கு. என்ர அம்மாவுக்கு அது இருக்கேல்ல.

அம்மா லண்டனில பதினொரு வருசம் ஒபிஸ் துப்புரவு வேலை செய்தவ. பின்னேரம் ஆறரையில இருந்து ஒன்பதரை வரைக்கும். 2022 யூலை 19 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவான நாள். பிரித்தானியாவில் அதுவரை அவ்வளவு வெப்பம் அளக்கப்பட்டதில்லை. அண்டைக்கும் அம்மா வேலைக்குப் போனவ. பகல் முழுக்கக் குளிரா இருந்த கட்டடம் அது. அம்மா உள்ளுக்குப் போகேக்க குளிரூட்டி நிண்டிட்டுது. கண்ணாடிக் கட்டடம், யன்னல் திறக்கேலாது. சுவரில பெட்டி இருந்தது. அமத்திப் பாத்தாவாம்; திரையில ஒரு பூட்டுப் படம் வந்துதாம். சூப்பர்வைசரும் எங்கட ஆள்தான். அவரிட்டைக் கேட்டதுக்கு, "அக்கா, அது எங்கட கையில இல்லை, கட்டடக்காரரிட்டை இருக்கு" எண்டாராம். அம்மா துவாயை நனைச்சுக் கழுத்தில போட்டுக்கொண்டு நாலு மாடியும் வக்கியூம் பிடிச்சிட்டு வந்தா.

இந்த மடலில் நான் எழுத வந்தது அந்தப் பூட்டுப் படத்தைப் பற்றித்தான்.

சுவரில் இருக்கிற பெட்டியை நாங்கள் குளிரூட்டியின் மூளை என்று நினைக்கிறோம். பெரிய கட்டடங்களில் அது வெறும் வாய்தான். மூளை வேறிடத்தில் இருக்கிறது: கட்டட முகாமையாளரின் கணினியிலோ, அடித்தளத்தில் உள்ள மத்திய கட்டுப்பாட்டு இயந்திரத்திலோ. நீங்கள் தொடக்கூடிய ஆகக் குறைந்த எண் எது, ஆகக் கூடிய எண் எது, எந்த மணிக்குத் தொடங்குவது, எந்த மணிக்கு நிற்பது, எந்தப் பொத்தான் வேலை செய்யும், எது செய்யாது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. திரையில் பூட்டோ சாவியோ தெரிந்தால், "உன்னைவிட மேலே ஒருவர் இருக்கிறார்" என்று அர்த்தம். சில ஒபிஸ்களில் ஒன்றோடும் இணைக்காத பெட்டிகளும் உண்டு. சனம் அமத்தி அமத்தி ஆறட்டும், முறைப்பாடு குறையட்டும் எண்டு வைச்சிருப்பினம்.

ஆகவே எத்தனை பாகை என்பதில் அதிகாரம் அவ்வளவாக இல்லை. அதிகாரம் நேர அட்டவணையில் இருக்கிறது. வழக்கமான ஒபிஸில் ஊழியர் வர முதலே கட்டடம் குளிரத் தொடங்கும், அவர்கள் கதவைத் திறக்கேக்க இதமாக இருக்கவேண்டும் என்பதற்காக. அவர்கள் போனதும் நிற்கும். விடிய நாலு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிற துப்புரவுத் தொழிலாளி, குளிர் வரேக்க வெளியே போகிறார். பின்னேரம் வருகிறவர் குளிர் போனபிறகு உள்ளே வருகிறார். கதிரையில் இருந்து வேலை செய்கிற உடம்புக்குக் குளிர்காற்று. குனிந்து, தூக்கி, தள்ளி வேலை செய்கிற உடம்புக்குப் பகல் முழுக்கச் சேர்ந்த வெக்கை. இது தற்செயல் இல்லை. பல கட்டடங்களில் வேலை நேரத்துக்கு வெளியே குளிரூட்டினால் வாடகைக்கு இருக்கிற கம்பனிக்குத் தனிக் கட்டணம் வரும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறது யார் என்றும், தன்ர வியர்வையால் அதைக் கட்டுறது யார் என்றும் யோசியுங்கோ.

நவீன குளிரூட்டலின் கதை எங்கே தொடங்கினது தெரியுமா? 1902 இல், புரூக்ளினில் ஒரு அச்சகத்தில். ஈரக் காற்றில் தாள் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் தாளைக் காப்பாற்றத்தான் அந்த அமைப்பை வரைந்தார். அச்சடித்த தொழிலாளிக்காக இல்லை. நூற்றிருபது வருசம் கழிச்சு அம்மா கூட்டின அந்தக் கட்டடத்திலயும் ஒரு அறை மட்டும் 24 மணித்தியாலமும் குளிரா இருந்தது: சேர்வர் அறை. இயந்திரம் சூடாகக் கூடாதாம்.

ஒபிஸ் குளிரைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. ஒபிஸ் வெப்பநிலைக் கணக்கு சராசரி ஆணின் உடம்பை அளவுகோலாக வைத்தது, பெண்களின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அது கூட்டிக் கணக்கிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2015 இல் எழுதினார்கள். சரியான விமர்சனம். அதற்குப் பிறகு மேசையில் குளிர்ந்துபோய் இருக்கிற பெண்ணைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. அவ போனபிறகு அவவின்ர மேசையைத் துடைக்க வருகிற பெண்ணைப் பற்றி நான் வாசிச்ச ஒண்டிலயும் ஒரு வரி இல்லை.

சில தோழர்கள் இப்ப கேட்பீர்கள்: "காலநிலை நெருக்கடிக்குள்ள வெறும் கட்டடத்தைக் குளிரூட்டச் சொல்லுறியா?" நல்ல கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு பொய் இருக்கிறது. கட்டடம் வெறுமையாக இல்லை. அதுக்குள்ள ஆக்கள் வேலை செய்யினம். அவர்களை ஆளாகக் கணக்கெடுக்காதபடியால்தான் அது "வெறும் கட்டடம்" ஆகிறது. மின்சாரத்தைச் சேமிக்க உண்மையான விருப்பம் இருந்தால் துப்புரவு வேலையைப் பகலுக்கு மாத்தலாம். ஒரு மாடியில் வேலை நடக்கேக்க அந்த மாடிக்கு மட்டும் குளிர் விடலாம். குறைஞ்சது காற்றோட்டத்தையாவது நிப்பாட்டாமல் விடலாம். பகலில் 19 இல் உறைய வைத்துவிட்டு இரவில் சிக்கனம் பேசுறதுக்குப் பெயர் சூழலியம் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? பிரித்தானியாவில் 1992 ஆம் ஆண்டின் வேலைத்தள ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. வேலை நேரத்தில் உட்புற வெப்பநிலை நியாயமானதாக இருக்கவேண்டும் என்கிறது 7 ஆம் விதி. குளிருக்கு வழிகாட்டல் அளவு உண்டு: பொதுவாக 16 பாகை, கடும் உடலுழைப்புக்கு 13. வெக்கைக்கு உச்ச வரம்பே இல்லை. 30 பாகை, கடும் வேலைக்கு 27 என்று வரம்பு வைக்கச் சொல்லித் தொழிற்சங்கக் காங்கிரஸ் கேட்டு வந்திருக்கிறது. அந்தக் கோரிக்கையை நாங்களும் தூக்கவேண்டும்.

ஆனால் இருக்கிற சட்டத்திலயே மூண்டு பிடி இருக்கு. ஒண்டு: "வேலை நேரம்" எண்டால் மனேஜரின்ர வேலை நேரம் மட்டும் இல்லை, அம்மாவின்ர ஆறரையும் வேலை நேரம்தான். ரெண்டு: தொழிலாளர் வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளப் போதுமான வெப்பமானிகள் வைக்கவேண்டும் என்று அதே 7 ஆம் விதி சொல்கிறது. மூண்டு: வேலைத்தளம் யாருடைய கட்டுப்பாட்டில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது 4 ஆம் விதி. "அது கட்டடக்காரர்ர பிரச்சினை" எண்டு ஒப்பந்தக் கம்பனியும், "அது ஒப்பந்தக் கம்பனியின்ர ஆக்கள்" எண்டு கட்டடக்காரரும் பந்தடிக்கேலாது.

அதனால் இந்தக் கிழமை உங்களிட்டைக் கேட்கிறது இதுதான். ஒபிஸில வேலை செய்யிற தோழர்கள் சுவரில இருக்கிற பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ. திரையில தெரியிற எண் அறையின் வெப்பநிலையோ, நீங்கள் கேட்ட வெப்பநிலையோ? ரெண்டும் ஒண்டில்லை. பூட்டுப் படம் இருக்கோ? மேலதிக நேரத்துக்கு ஓட விடுற பொத்தான் இருக்கோ? கட்டடம் எத்தனை மணிக்கு நிக்குது எண்டு முகாமையாளரிட்டை எழுத்தில கேளுங்கோ. கேட்டால் உங்களுக்குப் பதில் வரும். அம்மா கேட்டிருந்தால் அடுத்த மாசம் ஷிப்ற் குறைஞ்சிருக்கும்.

ஒரு நாளைக்கு ஆறரை மட்டும் இருந்து, துப்புரவுக்கு வருகிறவரிட்டைப் பெயர் கேளுங்கோ. அவருக்குச் சங்கம் இருக்கோ எண்டு கேளுங்கோ. அவருக்கு என்ன வேணும் எண்டு அவரே சொல்லட்டும். அவருக்காக நாங்கள் கோரிக்கை எழுதத் தேவையில்லை. அவர்ர கோரிக்கைக்குக் கீழ உங்கட ஒபிஸ்காரரின் கையெழுத்துகளைச் சேர்த்துக் குடுங்கோ. வீட்டு வேலையாள் குசினியில இருந்து சாப்பிட்ட ஊரில இருந்து வந்த நாங்கள், யாருக்கு எந்த அறை எண்டதின்ர அரசியலை ஆரும் படிப்பிச்சு விளங்கவேண்டிய ஆக்கள் இல்லை.

அம்மா இப்ப வேலைக்குப் போறதில்லை, முழங்கால் விட்டிட்டுது. இந்த மடலை வாசிச்சுக் காட்டினேன். "அந்தப் பெட்டியை நான் ஒவ்வொரு நாளும் துடைச்சனான். ஒருநாளும் தூசு விட்டதில்லை" எண்டா.

தோழமையுடன்.