கறி உண்ணாத விருந்தினரும் கரி அடுப்பும்



வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் வழியாக நம் இல்லங்களுக்கு வந்த பழக்கங்களுள் ஒன்று, மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி இறைச்சியைச் சுட்டு உண்ணும் விருந்து. பார்பிக்யூ என்று பிள்ளைகள் அதனை அழைக்கிறார்கள். பெருநாள் விடுமுறையில் மகனின் அலுவலகத் தோழர், மகளின் கல்லூரித் தோழியர் எனப் பிற சமயத்தவரும் அவ்விருந்துக்கு வருகின்றனர். அவர்களுள் சைவ உணவினர் இருப்பது நமக்குப் புதிதன்று. இப்பொழுது 'வீகன்' என்று கூறிக்கொள்வோரும் வருகிறார்கள். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர்களும் சங்கம் அமைத்து வழங்கிய பெயர் இது. தமிழில் நனிசைவம் என்கின்றனர். இறைச்சி, மீன், முட்டை மட்டுமின்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் இவர்கள் உண்பதில்லை.

"நம் வீட்டுக்கு வந்து கறி வேண்டாம் என்றால் அதென்ன மரியாதை?" என்று பெரியவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. திருக்குர்ஆனின் ஹூது அத்தியாயத்தில் வரும் விருந்தை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இப்ராஹீம் (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினருக்காக விரைந்து சென்று பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தினரின் கைகள் அதன்பால் செல்லவில்லை. இப்ராஹீம் நபியின் உள்ளத்தில் அச்சம் தோன்றிற்று. வந்தவர்கள் வானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. உண்ண மறுப்பவன் தீங்கு நினைத்து வந்தவன் என்று கருதுவது அக்கால வழக்கம் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நம் பெரியவர்களின் முகச்சுளிப்புக்கு வயது அதிகம்தான்!

மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்ததும் ஹதீஸ் நூல்களில் உண்டு. சுட்ட உடும்பு பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்க, இல்லை, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது கிடைப்பதில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் மறுமொழி வந்தது. காலித் அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்டவருக்கும் மனத்தாங்கல் இல்லை, உண்ணாதவருக்கும் இல்லை.

மெய்யான சோதனை சமையலறையில் இருக்கிறது. "ஒரு கரண்டி நெய்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று ஒரு குரல் எழும். அக்குரலுக்குச் செவி சாய்க்காதீர்கள். பிறர் வீட்டு விருந்தில் அமரும்போது, "இந்தக் கோழி ஹலாலாக அறுக்கப்பட்டதுதானே?" என்று கூச்சத்தோடு நாம் வினவுகிறோம். "ஆம்" என்று அவர் கூறும் ஒரு சொல்லை நம்பியே கை நனைக்கிறோம். அச்சொல் பொய்யென்று பின்னர் தெரிந்தால் நம் உள்ளம் என்ன பாடுபடும்! விருந்தினரின் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு செய்தி. நம் வாய்ச்சொல்லை நம்பி அவர் எடுக்கும் கவளம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கலந்துவிட்டது என்று ஐயம் தோன்றினால், "இது உங்களுக்கு ஆகாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். சைவ விருந்தினர் என்றதும் நம் கை பன்னீரைத் தேடுகிறது. பன்னீர் பாலில் பிறந்தது, வீகனுக்கு உதவாது. கறிக்குக் கூட்டும் மசாலாவில் தயிர் சேர்வதால், காய்களுக்கு எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், நல்லெண்ணெய் கொண்டு தனியே கூட்டி வையுங்கள். காளான், குடைமிளகாய், வெங்காயம், மக்காச்சோளம், அன்னாசி யாவும் நன்றாகச் சுடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரைவேக்காடாக அவித்துக்கொண்டால் உள்ளே பச்சையாக நிற்காது. கத்தரிக்காயை முழுதாகத் தோல் கருகச் சுட்டு, உரித்து, எள் விழுதும் எலுமிச்சையும் பூண்டும் சேர்த்துப் பிசைந்தால் அரபு நாட்டுச் சுவையே வந்துவிடும். கொண்டைக்கடலையில் செய்யும் ஹும்மூஸிலும் பால் கிடையாது. கடையில் வாங்கும் மயோனைஸில் முட்டை இருக்கக்கூடும். பரோட்டாவில் முட்டையோ பாலோ சேர்ந்திருக்கக்கூடும், விசாரித்து வாங்குங்கள்.

கரியின் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகு முதலில் காய்களைச் சுடுங்கள். இறைச்சி பின்னர் ஏறட்டும். கொழுப்பு சொட்டிய கம்பி வலையில் காயை வைத்தால் அத்தனை கவனமும் வீண். சிறு அடுப்பொன்றைத் தனியே மூட்டுவது அதனினும் நன்று. இடுக்கியும் எண்ணெய் தடவும் தூரிகையும் வேறாக இருக்க வேண்டும்.

நெய்ச்சோற்றுக்குப் பதில் தேங்காய்ப்பால் சோறு ஆக்கலாம். பாயசத்தை வெல்லமும் தேங்காய்ப்பாலும் இட்டுக் காய்ச்சி, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போடுங்கள். ஒரே ஸஹனில் பலர் கூடி உண்ணும் ஊர்களில் அவருக்குத் தனித் தட்டு வைப்பதில் தவறில்லை. ஆளைத் தனியே அமர்த்துவதுதான் தவறு. இறுதியில் எல்லோருக்கும் சுலைமானித் தேநீர் கொடுத்துவிட்டால் பால் பற்றிய பேச்சே எழாது.

பிள்ளைகளிடம் முன்னரே சொல்லி வையுங்கள். "மாமா, நீங்கள் ஏன் கறி சாப்பிடுவதில்லை?" என்று ஒருமுறை கேட்கலாம், நான்குமுறை கேட்கக்கூடாது.