அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர்!

1/
சாவைப் பத்திப் பேசினாலே அபசகுனம்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த த்ரெட். கோவம் வரலாம். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க. தேனி மாவட்டத்துல அரசு மருத்துவமனை டாக்டரா இருந்து பார்த்ததுல சொல்றேன்: சாவை மறைச்சு வச்சதால இதுவரை யாரும் பிழைக்கல. மிச்சம் இருந்த நாளும் வீணாப் போனதுதான் கண்ட பலன்.

2/
நமக்கு சாவு ஒண்ணும் புதுசில்ல. ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா சுருளியில நிக்க இடம் இருக்காது. செத்துப்போன தாத்தா பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுறோம். ஆனா வீட்டுல படுத்துக் கிடக்கிற அப்பாகிட்ட, "உங்களுக்கு இன்ன நோய்ப்பா"ன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.

3/
வார்டுல அடிக்கடி கேக்குற வசனம்: "டாக்டர், அவருக்குத் தெரிய வேணாம், அல்சர்னே சொல்லிருங்க." புற்றுநோய் ஈரல் வரைக்கும் பரவியிருக்கும். மகனுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கே தெரியும். யார் உடம்போ அவருக்கு மட்டும் தெரியாது.

4/
தெரியாதுன்னு நீங்க நினைக்கிறீங்க. பல பேருக்குத் தெரிஞ்சிருக்கு. உடம்பு இளைக்குது, சோறு இறங்கல, திருப்பூர்ல இருக்கிற மக திடீர்னு லீவு போட்டு வந்து நிக்குது. இதுல புரியாம போக என்ன இருக்கு? நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு அவரும் தெரியாத மாதிரி இருக்காரு. கடைசி சில மாசம் அந்த வீட்டுல எல்லாரும் நடிக்கிறாங்க.

5/
நிஜமாவே நம்பிடுறவங்க நிலைமை இன்னும் மோசம். அல்சர்தானே, சரியாயிரும்னு அடுத்த கவாத்துக்குக் கடன் வாங்குவாரு. பத்திரம் எங்க இருக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி, எதுவும் சொல்லாமலே போயிருவாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட பிள்ளைக சண்டை ஆரம்பிக்கும்.

6/
பணம் காசை விடுங்க. பத்து வருசமா பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கு ஒரு போன் பண்ணியிருப்பாரு. பொண்டாட்டிகிட்ட எதையாவது சொல்லணும்னு நினைச்சிருப்பாரு. தனக்கு நாள் கம்மின்னு தெரிஞ்ச மனுசன் எது முக்கியம்னு தானே பிரிச்சுக்குவாரு. அந்த வாய்ப்பைப் பறிச்சிட்டு, அதுக்குப் பாசம்னு பேர் வைக்காதீங்க.

7/
"சொன்னா மனசு ஒடைஞ்சு சீக்கிரம் போயிருவாரே?" நியாயமான பயம். அழுவாங்க, கோவப்படுவாங்க, சாப்பிட மாட்டாங்க. அது இல்லேன்னு சொல்லல. ஆனா 2010-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல வந்த ஒரு ஆய்வைப் பாருங்க. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோட, ஆரம்பத்துல இருந்தே பாலியேட்டிவ் கேர். அதாவது வலியைக் குறைச்சு, நோயைப் பத்தி மனசு விட்டுப் பேசி, கூடவே நிக்கிற நோய் ஆதரவு சிகிச்சை.

8/
பேசினவங்க சீக்கிரம் செத்தாங்களா? இல்ல. அவங்களுக்கு மனச்சோர்வு குறைவு. கடைசி நேரத்துல உடம்பைப் படுத்துற சிகிச்சையும் குறைவு. ஆயுள் இடைநிலை அளவு 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9 மாசம். ஒரு ஆய்வை வச்சு எல்லா நோய்க்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனா "பேசினாலே செத்துருவாங்க"ங்கிறதுக்கு ஆதாரம் எங்கன்னு நான் திருப்பிக் கேக்கலாம்ல?

9/
அதுக்காக வராண்டாவுல நிக்க வச்சு "மூணு மாசம்தான்"னு சொல்லச் சொல்லல. முதல்ல கேக்கணும்: "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" "என் மகன்கிட்ட சொல்லிக்கங்க"ன்னா சரி, அதுவும் அவர் முடிவுதான். அந்த முடிவை மச்சினன் எடுக்கக் கூடாது. ஓ.பி.யில கூட்டம், நேரமில்லைன்னு அல்சர் கதையையே சொல்லி அனுப்புற டாக்டர்களும் இந்தப் பொய்க்கு உடந்தைதான்.

10/
இந்தப் பொய் கடைசியில எங்க கொண்டுபோய் விடுது? மூச்சுத் திணறினதும் மதுரைக்கு ஆம்புலன்ஸ். நகை அடகு, தோட்டம் ஒத்தி. தொண்டையில குழாய், பார்க்க அஞ்சு நிமிசம். தப்பா எடுத்துக்காதீங்க: விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடின்னா ஒரு நிமிசம் கூட யோசிக்காம ஓடுங்க, வென்டிலேட்டர் உயிரைக் காப்பாத்தும். நான் சொல்றது குணமாக்க முடியாத அளவுக்கு முத்தின நோயை. அங்க அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னு சொல்லியிருப்பாரு.

11/
வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது கைவிடுறது இல்ல. கடும் வலிக்கு மார்ஃபின் இருக்கு. அது கிடைக்கிறதை எளிதாக்க 2014-ல சட்டத்தையே திருத்தினாங்க. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசர், சுகர் மாத்திரை மட்டுமில்ல, வீட்டுக்கே வர்ற நோய் ஆதரவு சேவையும் உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. கௌரவமா சாகிறதும் உரிமைன்னு 2018 மார்ச் 9-ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. கடைசிக் காலத்துல எந்த சிகிச்சை வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023-ல அந்த நடைமுறையையும் எளிதாக்கிட்டாங்க: ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லேன்னா கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும்.

12/
நல்லா இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். மூளைச்சாவுன்னு உறுதியானதும் உறுப்பு தானம் பத்திக் கேட்டா பல குடும்பங்க சொல்றது: "அவர் என்ன நினைச்சிருந்தாருன்னு தெரியலையே." தெரியாதுதான், பேசினதே இல்லையே! உறுப்பு தானம் பண்றவங்களுக்கு அரசு மரியாதைன்னு 2023 செப்டம்பர்ல அறிவிச்சாங்க. சில நாள்லயே அந்த மரியாதை நம்ம சின்னமனூர்க்காரர் ஒருத்தருக்குக் கிடைச்சது. அந்தக் குடும்பத்தோட மனசு நம்ம ஊருக்குப் பெருமை.

13/
சுடுகாட்டுல நிக்கிறப்ப நாம எல்லாரும் ஞானிதான். "என்னத்தக் கொண்டு போறோம்"னு பேசுவோம். குளிச்சு முடிச்சதும் அந்த மயான வைராக்கியம் போயிரும். திரும்பி வர்றப்ப பைக்ல ஹெல்மெட் இருக்காது, மறுநாள் பிரசர் மாத்திரை இருக்காது. சாவு நினைப்பு ஒரு மணி நேரச் சோகமா முடிஞ்சா பிரயோஜனமில்ல. நாலு காரியமா மாறணும்.

14/
இந்த வாரம் செய்யுங்க:
• பத்திரம், கடன், இன்சூரன்ஸ் விவரம் வீட்டுல ஒருத்தருக்காவது தெரியட்டும்.
• உறுப்பு தானம் பத்தி உங்க விருப்பத்தைச் சொல்லுங்க.
• "எனக்கு முடியாம போனா உண்மையை என்கிட்ட சொல்லுங்க" (இல்ல, "சொல்ல வேணாம்") – எதுன்னு இப்பவே சொல்லிருங்க.
• பேசாம இருக்கிற அந்த ஒருத்தருக்கு போன் பண்ணுங்க.

15/15
"வாயைக் கழுவு"ன்னு அம்மா திட்டுவாங்க. பரவால்ல, திட்டு வாங்கிக்கிட்டே கேளுங்க. உங்க வீட்டுல யாருக்காவது உண்மையைச் சொன்ன அனுபவமோ, மறைச்ச அனுபவமோ இருந்தா கீழே எழுதுங்க. மத்தவங்களுக்கும் உதவும்.