மனசு வெச்சா போதுமா?

“மனசு வெச்சா விட்டுடலாம் சார்... எல்லாம் மனசுதான்!”

சிகரெட்டை விட நினைக்கிற ஒருவரிடம் இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. வாழ்நாளில் ஒரு தம்கூட அடிக்காதவர் சொல்வார். எப்போதோ ஒரே நாளில் விட்டுவிட்டவர், சுதந்திரப் போராட்டத் தியாகி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். சில டாக்டர்கள்கூட மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே, ‘ஸ்மோக்கிங்கை நிறுத்திடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எப்படி நிறுத்துவது? அதான் சொன்னோமே, மனசு!

சர்க்கரை நோயாளியிடம் போய், ‘மனசு வெச்சா இன்சுலின் சுரக்கும்’ என்கிறோமா? காலை உடைத்துக்கொண்டவரிடம், ‘வைராக்கியம் இருந்தா எலும்பு தானா கூடிடும், மாவுக்கட்டு எதுக்கு?’ என்று கேட்கிறோமா? சிகரெட்டுக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்?

ஆக, இந்த வாரம் என் சண்டை சிகரெட் பிடிப்பவர்களோடு இல்லை. அவர்களுக்கு உபதேசம் செய்பவர்களோடு.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு இழுப்பு இழுத்த பத்து, இருபது விநாடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அது உட்காருவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் புகைத்தால் அந்த இடங்களின் எண்ணிக்கையே கூடிவிடும். தினமும் விருந்தாளி வருகிறார் என்று வீட்டுக்காரர் நாற்காலி நாற்காலியாக வாங்கிப் போடுகிற மாதிரி. ரத்தத்தில் இருக்கும் நிக்கோடினோ சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. நாற்காலிகள் காலி. ‘எங்கேப்பா ஆளைக் காணோம்?’ என்று மூளை குரல் கொடுக்கும். கால் தானாகப் பெட்டிக்கடைக்கு நடக்கும்.

திடீரென்று நிறுத்தினால் அந்தக் குரல் கூச்சலாகும். எரிச்சல், படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை, தூக்கமின்மை, அகோரப் பசி, மலச்சிக்கல், காரணமே இல்லாத துக்கம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். அதற்கப்புறம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்லத் தணியும். அதிகப்படி நாற்காலிகளை மூளை வெளியே எடுத்துப் போட இன்னும் பல வாரங்கள் ஆகும். இது ரசாயனம். உபதேசம் கேட்டு ரசாயனம் திருந்தியதாகச் சரித்திரம் இல்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மருந்து, ஆலோசனை எதுவும் இல்லாமல் வெறும் வைராக்கியத்தை வைத்து நிறுத்துகிறவர்களில், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மிச்சம் 95 பேரும் மனசில்லாதவர்களா? கல்யாணம் பண்ணி, கடன் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மனுஷனுக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல நாம் யார்?

சரி, ‘எல்லாம் உன் கையில்தான் இருக்கு’ என்ற இந்த வசனத்தால் அதிக லாபம் அடைந்தவர்கள் யார் தெரியுமா? சிகரெட் கம்பெனிகள்!

1963-லேயே, அமெரிக்காவின் ‘பிரவுன் அண்ட் வில்லியம்சன்’ சிகரெட் கம்பெனியின் சட்ட ஆலோசகர் அடிசன் யீமன், நிக்கோடின் அடிமையாக்கும் பொருள், அதை விற்பதுதான் நம் வியாபாரம் என்று ரகசியக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 1994 ஏப்ரலில், ஏழு பெரிய புகையிலை கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வரிசையாகக் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோடின் அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். ஏன்? அடிமையாக்கும் என்று ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு தரவேண்டி வரும். ‘அவரவர் இஷ்டப்பட்டுப் பிடிக்கிறார்கள், நினைத்தால் விட்டிருக்கலாமே’ என்பதுதான் கோர்ட்டில் அவர்களுடைய கவசம்.

கம்பெனி வக்கீல் காசு வாங்கிக்கொண்டு பேசிய வசனத்தை, நம் ஊர்ப் பெரியப்பா இலவசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பேட்சுக்கு வருவோம். பிளாஸ்திரி மாதிரி தோலில் ஒட்டிக்கொள்கிற சமாசாரம். ஈரமான புகையிலை இலைகளை நாள் முழுக்கக் கையாளும் விவசாயத் தொழிலாளிகளுக்கு, ஒரு பீடிகூடப் பிடிக்காமலே வாந்தியும் தலைசுற்றலும் வரும். தோல் வழியாகவே நிக்கோடின் உள்ளே போகிறது. இதைக் கவனித்த மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரண்டு கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள், தோல் வழியாகவே கொடுத்தால் புகை இல்லாமல் பசியைத் தணிக்கலாமே என்று யோசித்தார்கள். மற்றவர்கள் மேல் சோதிக்க அனுமதி கிடைக்காததால், தங்கள் தோலிலேயே போட்டுப் பார்த்தார்கள். இதயம் படபடவென்று அடித்தது. பேட்ச் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

உடனே அடுத்த உபதேசி எழுந்திருப்பார். “அதுவும் நிக்கோடின்தானே சார்? ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?”

இல்லை சார். ஆளைக் கொல்வது புகை. தார், கார்பன் மோனாக்சைடு, புற்றுநோய் உண்டாக்கும் எழுபது சொச்சம் ரசாயனங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நிக்கோடின், திரும்பத் திரும்பக் கடைக்கு இழுத்து வருகிற தரகர். பேட்ச் அந்தத் தரகரை மட்டும் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறது. சிகரெட் விநாடிகளில் கொடுக்கிற ‘கிக்’கை பேட்ச் கொடுப்பதில்லை. மணிக்கணக்கில் மெதுவாக ஏறுகிறது. அதனால்தான் பேட்சுக்காக யாரும் ராத்திரி பதினோரு மணிக்குக் கடை தேடி அலைவதில்லை.

வழக்கமான கணக்கு இது: ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்தவர் என்றால் 21 மில்லிகிராம் பேட்ச் ஆறு வாரம். அப்புறம் 14 மில்லிகிராம் இரண்டு வாரம். கடைசியாக 7 மில்லிகிராம் இரண்டு வாரம். ஆகமொத்தம் பத்து வாரம். பத்தோ அதற்குக் குறைவாகவோ பிடித்தவர் 14-லிருந்து ஆரம்பிக்கலாம். ஆள், பேட்சின் வகை இவற்றைப் பொறுத்து டாக்டர் மாற்றுவார். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம் ஆள் என்ன செய்கிறார்? இரண்டாவது வாரமே, ‘நல்லாத்தானே இருக்கேன், இனிமே எதுக்கு தண்டச் செலவு?’ என்று பேட்சைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். காய்ச்சல் இறங்கியதும் ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிற அதே புத்திசாலித்தனம். நல்லா இருந்ததே பேட்சால்தான்! நாலாம் நாள் டீக்கடையில் நிற்கிறார், கையில் டீ கிளாஸ், அந்தக் கையிலேயே அதுவும். ‘பேட்ச் எல்லாம் சும்மா சார், எனக்கு வேலை செய்யல’ என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்.

முழுசாகப் போடுகிறவருக்கும் படி இறங்கும்போது ஒரு சின்னக் குலுக்கல் வரலாம். 21-லிருந்து 14-க்கு வரும் நாட்களில் பழைய எரிச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அது தோல்வி இல்லை, படி இறங்குகிற சத்தம். சில நாட்களில் அடங்கிவிடும். ஆகவே, மகள் கல்யாணம், ஆபீஸ் ஆடிட் நடக்கிற வாரமாகப் பார்த்துப் படி இறங்காதீர்கள். தாங்கவே முடியவில்லையா? டாக்டரிடம் சொல்லி ஒரு படி மேலே போய், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இறங்குங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இன்னும் சில விஷயங்கள். இவற்றை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். புகையில் இருக்கும் ரசாயனங்கள், காபியில் உள்ள கஃபீனை உடம்பு வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி, இப்போது மூன்று, நான்கு டம்ளர் மாதிரி வேலை செய்யும். கை நடுக்கம், தூக்கமின்மை... பழியெல்லாம் பேட்ச் மேல் விழும். காபி, டீயைப் பாதியாக்குங்கள்.

ராத்திரி விசித்திரக் கனவுகள் வந்தால், படுக்கும் முன் பேட்சை எடுத்துவிடலாம். தினமும் வேறு வேறு இடத்தில் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் அரிக்கும். கழற்றியதை மடித்துக் குழந்தைகள் கையில் சிக்காமல் போடவேண்டும்.

பேட்ச் பொதுவான பசியைத்தான் அடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பாஸ் திட்டியதும் திடீரென்று எழும் ஆசைக்கு அது மட்டும் போதாது. அந்த ஆசையின் ஆயுள் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்கு நிக்கோடின் சூயிங்கம். அதையும் பபிள்கம் மாதிரி மென்று தள்ளக்கூடாது. கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். பேட்சும் கம்மும் சேர்ந்தால், ஒன்றை மட்டும் உபயோகிப்பதைவிடப் பலன் அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

நடுவில் ஒரு நாள் சறுக்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டீர்களா? ‘பேட்ச் போட்டுக்கிட்டு தம் அடிச்சா ஹார்ட் அட்டாக்’ என்று பயந்து பேட்சைக் கிழித்துப் போடாதீர்கள். கிழிக்க வேண்டியது மிச்சம் இருக்கும் சிகரெட் பாக்கெட்டை. பேட்ச் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பேட்ச் மந்திரமா? இல்லை. நிக்கோடின் மாற்று மருந்துகள், விடுபடும் வாய்ப்பை ஐம்பது, அறுபது சதவிகிதம் கூட்டுகின்றன. கூடவே ஆலோசனையும் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்படியும் பலர் தோற்பார்கள். திரும்ப ஆரம்பிக்கவேண்டும்.

இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “இப்படி எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறதுக்கு, நீங்க சிகரெட்டே குடிச்சுத் தொலைங்க!” இந்த ஒரே ஒரு வரி, எத்தனையோ பேரின் மூன்று நாள் தவத்தைக் கலைத்திருக்கிறது. அவர் எரிந்து விழுவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல. மூளையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, அவ்வளவுதான். அதற்காக அவர் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ‘சித்த நேரம் வெளியில நடந்துட்டு வாங்க’ என்று அனுப்பிவையுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நம்மை ஆள்பவர்கள்.

2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைப்பவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், துல்லியமாக 55.4 சதவிகிதம் பேர், விட்டுவிட நினைக்கிறார்கள். நூற்றுக்கு 38 பேர் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் முயற்சியும் செய்திருக்கிறார்கள். ‘திருந்தாத ஜென்மங்கள்’ இல்லை சார் இவர்கள். வழி கேட்டு நிற்பவர்கள்.

இவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது என்ன? பயம். 2012-லிருந்து சினிமாவுக்கு முன்னால் நுரையீரலைப் பிழிந்து காட்டுகிறார்கள். 2016-லிருந்து பாக்கெட்டில் 85 சதவிகிதம் பயங்கரப் படம். 2018-லிருந்து பாக்கெட்டிலேயே இலவச ஆலோசனை நம்பர், 1800-11-2356. தமிழிலும் பேசலாம். உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் நம் ஆள் பெட்டிக்கடையில் வாங்குவது ஒரே ஒரு சிகரெட்! கயிற்றில் தொங்கும் லைட்டர் தெரிகிறது, பாக்கெட் கடைக்காரர் கையில் இருக்கிறது. படம் யாருக்கு, நம்பர் யாருக்கு? உதிரி விற்பனையைத் தடுக்காமல் பாக்கெட்டில் அச்சடிப்பது, பூட்டிய வீட்டுக்குள் நோட்டீஸ் ஒட்டுகிற வேலை.

நிக்கோடின் மாற்று மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் தேசியப் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. பட்டியலில் இருப்பது பக்கத்தில் இருக்கிறதா? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், ‘பேட்ச் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏனென்றால், இந்த நாட்டில் சிகரெட்டைவிட பீடி பிடிப்பவர்கள்தான் அதிகம். ஒரு கட்டு பீடி விலைக்கு மருந்துக் கடையில் ஒரு நாள் பேட்சுகூட வராது. ‘மனசு வை’ என்று அந்தத் தொழிலாளியிடம் சொல்வதைவிடக் கொடுமை உண்டா?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டிலும் வரி வாங்குகிற அரசாங்கம் இது. நம் ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் தருகிற எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி-யின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று! ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்று, 2021-ல் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ காட்டிவிட்டது. அதே பையில் பத்து வாரத்துக்கான பேட்சையும் வைத்தால் பை ஒன்றும் கிழிந்துவிடாது. வாங்குகிற வரியில் ஒரு பங்கை, வரி கட்டியவன் பிழைப்பதற்குச் செலவழித்தால் என்ன?

மன உறுதி வேண்டவே வேண்டாமா? வேண்டும். எழுபது நாள், காலையில் எழுந்ததும் மறக்காமல் பேட்ச் ஒட்டுவதற்கு. அவ்வளவுக்குப் போதும்.

அடுத்த முறை, விட முயற்சிக்கும் யாரையாவது பார்த்து, ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்ல நாக்கு துடித்தால் அதை விழுங்கிவிடுங்கள். வேறொன்று கேளுங்கள்.

“எத்தனாவது வாரம் சார்?”