பெயரிடுமுன் பொறுத்திருத்தல்

வட அமெரிக்கக் காடுகளில் பிடிக்கப்படும் சுண்டெலிகளின் தோலுக்கடியில், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கொழுத்த புழு ஒன்று காணப்படுவதுண்டு. அது க்யூட்டரீப்ரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி ஈயின் இளம் பருவமாகும். அப்பேரினம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. எனினும், அதனை இனங்கண்ட வரலாறு நம் கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் பாடமாகத் தக்கது.

நியூயார்க் மாநிலத்தின் பூச்சியியல் அறிஞராயிருந்த ஆசா ஃபிட்ச் என்பார், 1850-களில், வளையில் வாழும் வரியணிலின் தொடையிடுக்கில் இத்தகைய புழுவை ஆராய்ந்தார். அது விதைகளைத் தின்றழிக்கிறது எனக் கருதி, ‘காயடிப்பது’ எனப் பொருள்படும் ‘எமாஸ்குலேட்டர்’ என்னும் இனப்பெயரைச் சூட்டினார். பிற்கால ஆராய்ச்சி இக்கருத்தை மறுத்தது. புழு தோலுக்கடியில் தங்கி, அங்கு ஊறும் நீரை உண்டு, தோலிலுள்ள சிறு துளை வழியே சுவாசிக்கிறது. வீக்கத்தினால் விதைகள் இடம்பெயர்ந்து கண்ணுக்குத் தென்படாமற் போகலாம். புழு வெளியேறியபின் புண் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. ஆயினும், முதலில் இட்ட பெயரே செல்லும் என்பது விலங்கியல் விதியாதலால், அப்பெயர் இன்றும் வழங்குகிறது. இதனைத் தமிழாக்குவோன் பொருளை மட்டும் பெயர்த்தால், பிழையையும் சேர்த்தே பெயர்த்தவனாவான்.

அவசரத்தின் விளைவு இதுவே. இளம்புழுக்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். முதிர்ந்த புழுவின் முட்களையும் சுவாசத் தகடுகளையும் உருப்பெருக்கியால் ஆராய்தல் வேண்டும். இன்றேல், அதனை ஈரமண்ணில் கூட்டுப்புழுவாகவிட்டு, மறு ஆண்டு ஈ வெளிப்படுமளவும் காத்திருத்தல் வேண்டும். இன்று மரபணுச் சோதனையும் துணைபுரிகிறது. எலியின் இனத்தைக் கொண்டே ஈயின் இனத்தை முடிவு செய்தல் தகாது. ஓரினத்து ஈ சில வேளைகளில் வேறு பிராணிகளிடத்தும் காணப்படும்.

ஆகவே, எந்த ஒட்டுண்ணியாயினும், தங்கிய பிராணி, உடலில் இருந்த இடம், ஊர், நாள் ஆகிய நான்கையும் குறித்து, பிராணியையும் ஒட்டுண்ணியையும் ஒரே எண்ணிட்டுப் பாதுகாத்தல் கள ஊழியரின் கடமையாகும். பேரினம் மட்டுமே தெரியின் அதனை மட்டும் எழுதுக. வெற்றிடமாக விடப்பட்ட இனப்பெயரைப் பின்வருவோர் நிரப்பிக்கொள்வர். தவறாக நிரப்பியதைக் களைவது அரிது. ஆசிரியர்களும் இவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பின், கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேற்றுமை அவர்கள் மனத்தில் பதியும்.